அடுத்த வேறுபாடு எங்கே?

நாமக்கல் மாவட்டத்துக் கோழிப்பண்ணைகளில் விடிவதற்கு வெகுநேரம் முன்பே வெளிச்சம் வந்துவிடும். மோகனூர்ப் பக்கம் காவிரிக் கரையின் கரும்பும் வாழையும் இன்னும் இருட்டில் நிற்கும்போது, மேட்டு நிலத்துக் கொட்டகைகளில் விளக்குகள் வரிசையாக எரியத் தொடங்கும். முட்டையிடும் கோழிக்கு ஒரு நாளில் ஏறக்குறைய 16 மணி நேர வெளிச்சம் தேவை. சூரியன் கொடுப்பது போக மீதியை விளக்குதான் ஈடுகட்ட வேண்டும். அந்த நேரக் கணக்கு நாளுக்கு நாள் மாறினால் முட்டை எண்ணிக்கை இறங்கும். ஆகவே விளக்கைப் போட்டு அணைக்கும் வேலையைப் பல பண்ணைகளில் ஒரு டைமர் பலகையிடம் விட்டுவிடுகிறார்கள்.

உள்ளங்கையளவு பலகைதான். அதற்கு வேண்டிய மின்சாரத்தைத் தரும் பகுதி, மின்னணுவியல் படிக்கும் எந்த மாணவரும் முதல் ஆண்டிலேயே பார்த்துவிடும் சுற்று. 230 வோல்ட் மின்சாரத்தை ஒரு சிறிய டிரான்ஸ்ஃபார்மர் 12 வோல்ட்டாகக் குறைக்கும். நான்கு டயோடுகள் அதை ஒரே திசையில் ஓட வைக்கும். ஒரு கெப்பாசிட்டர் மேடு பள்ளங்களை நிரவும். கடைசியில் 7809 என்ற ரெகுலேட்டர் சில்லு சரியாக 9 வோல்ட்டை வெளியே தரும். கெப்பாசிட்டரின் அளவு 1000 மைக்ரோஃபாரட், பலகை இழுக்கும் மின்னோட்டம் 100 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கெப்பாசிட்டருக்குப் பதில் விலையும் உருவமும் குறைந்த 470 மைக்ரோஃபாரட் போட்டால் போதாதா? பலகை செய்பவர் யாருக்கும் இயல்பாக எழும் கேள்வி இது.

சால்டரிங் இரும்பைச் சூடாக்காமலே இதற்கு விடை தேடலாம். சுற்றைக் கணினியில் வரைந்து, அதன் நடத்தையைச் சமன்பாடுகளாக மாற்றி, நொடியின் ஒவ்வொரு துணுக்கிலும் தீர்த்துக் காட்டும் சிமுலேஷன் மென்பொருள்கள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றில் ஒன்று இந்தியாவில் உருவான ஈசிம். மும்பை ஐஐடியில், பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா முன்னின்று நடத்திய ஃபாஸீ திட்டத்தின் படைப்பு அது. முதலில் ஆஸ்கேட் என்றும் பிறகு ஃப்ரீஈடிஏ என்றும் அழைக்கப்பட்டது. பல லட்சம் ரூபாய் உரிமக் கட்டணம் கேட்கும் மென்பொருளைச் சிறிய ஊர்க் கல்லூரிகள் வாங்க முடியாது என்பதே இந்த முயற்சியின் பின்னணி. ராசிபுரத்திலோ திருச்செங்கோட்டிலோ படிக்கும் மாணவி ஒருவர் தன் மடிக்கணினியில் இதை நிறுவிக்கொள்ளலாம்; யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் பொறியியல் கல்விக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது இன்னும் போதுமான அளவு பேசப்படவில்லை.

ஈசிம்மைத் திறந்தால் இடப்பக்க விளிம்பில் மேலிருந்து கீழாக ஒரு கருவிப்பட்டை தெரியும். முதல் பொத்தான் சுற்றை வரையும் இடத்துக்குக் கூட்டிச் செல்லும். அந்த வேலையைச் செய்வது கிகேட் என்ற மென்பொருள். அடுத்த பொத்தான் வரைபடத்தை, சமன்பாடுகளைத் தீர்க்கும் என்ஜிஸ்பைஸ் என்ற மென்பொருள் புரிந்துகொள்ளும் எழுத்து வடிவமாக மாற்றும். அதற்கடுத்தது சிமுலேஷனை ஓட்டும். ஓடி முடிந்ததும் அலைவடிவங்கள் திரையில் வரும். எந்தெந்த முனையின் வோல்ட்டேஜைப் பார்க்க வேண்டுமோ அவற்றைத் தேர்ந்தெடுத்து வரையச் சொல்லலாம். மல்ட்டிமீட்டர் என்றொரு பொத்தான் எண்ணாகவே மதிப்பைத் தரும். இரண்டு முனைகளின் அலைகளைக் கூட்டவும் கழிக்கவும் ஒரு பெட்டி உண்டு. வரைபடத்தின் மேல் அல்லது கீழ் விளிம்பில் உருப்பெருக்கம், நகர்த்தல், பழைய நிலைக்குத் திரும்புதல், படமாகச் சேமித்தல் ஆகியவற்றுக்கான சிறு பொத்தான்கள் இருக்கும்.

இவற்றில் எதை அழுத்துவது என்பதைப் பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். அழுத்தினால் வந்த விடையை எந்த அளவுக்கு நம்புவது என்பதைக் கற்கக் காலம் பிடிக்கும்.

1000 மைக்ரோஃபாரட்டுடன் ஒருமுறை, 470 மைக்ரோஃபாரட்டுடன் ஒருமுறை ஓட்டியாயிற்று. கெப்பாசிட்டரின் மேல் நிற்கும் வோல்ட்டேஜ் இரண்டு ஜன்னல்களில் தெரிகிறது. இரண்டிலும் ரம்பப் பல் போன்ற அதே அலை, அதே உயரம். ஒரு மாற்றமும் இல்லை என்று தோன்றும். ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. மின்னோட்டத்தை, நொடிக்கு 100 முறை என்ற ஏற்றத்தாலும் கெப்பாசிட்டர் அளவாலும் வகுத்தால் ரிப்பிள் எனப்படும் இந்த ஏற்ற இறக்கத்தின் உயரம் தோராயமாகக் கிடைக்கும். 1000 மைக்ரோஃபாரட்டில் அது 1 வோல்ட். 470-இல் 2.1 வோல்ட், இரு மடங்குக்கும் மேல்.

கண் ஏமாந்ததற்குக் காரணம் தானியங்கி அளவுகோல். வரைபட மென்பொருள்கள் அலையின் உச்சத்தையும் பள்ளத்தையும் பார்த்து, ஜன்னலை நிரப்பும்படி செங்குத்து அச்சைத் தாமே நீட்டிக்கொள்கின்றன. எல்டிஸ்பைஸ் போன்ற மென்பொருள்களின் கருவிப்பட்டையில் இதற்கென்றே பொத்தான் இருக்கிறது. ஒரு அலையைத் தனியாகப் பார்க்க அது மிக வசதி. இரண்டு அலைகளைத் தனித்தனி ஜன்னல்களில் ஒப்பிட அதைப் போன்ற கெடுதல் வேறில்லை, ஏனென்றால் பார்க்க வேண்டிய உயர வேறுபாட்டையே அது அழித்துவிடுகிறது. இரண்டையும் ஒரே அச்சில், ஒன்றின் மேல் ஒன்றாக வரைவதுதான் ஒப்பிடுதலின் முதல் படி. ஆய்வக அறிக்கைகளில் இரண்டு படங்களைப் பக்கம் பக்கமாக ஒட்டி, இரண்டும் ஒத்துப்போகின்றன என்று எழுதும் பழக்கத்தை ஆசிரியர்கள் முதலில் நிறுத்த வேண்டும்.

அடுத்த ஆசை, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்ப்பது. இங்கே எதிர்பாராத ஒரு தடை வருகிறது. சிமுலேஷன் மென்பொருள் நேரத்தைச் சம துண்டுகளாக வெட்டுவதில்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் லாரி ஓட்டுநர் திருப்பத்தில் ஊர்ந்தும் நேர்ப்பாதையில் விரைந்தும் போவதுபோல், அலை வேகமாக மாறும் இடத்தில் மென்பொருள் சிறு அடி வைக்கும், அமைதியான இடத்தில் பெரிய அடி வைக்கும். கெப்பாசிட்டர் மாறினால் டயோடு கடத்தத் தொடங்கும் நொடி மாறும். அடிகள் விழும் இடங்களும் மாறும். முதல் ஓட்டத்தின் 300-வது புள்ளியும் இரண்டாவது ஓட்டத்தின் 300-வது புள்ளியும் ஒரே நேரத்தைக் குறிப்பவை அல்ல. அப்படியே கழித்தால் கிடைக்கும் எண்ணுக்குப் பொருளே இல்லை.

என்ஜிஸ்பைஸில் இதற்கு ஒரு கட்டளை உண்டு. அலையைச் சம இடைவெளி உள்ள நேரப் புள்ளிகளுக்கு மாற்றி எழுதிவிடும். இன்னொரு வழி இதைவிட எளிது: இரண்டு சுற்றுகளையும் ஒரே வரைபடத்தில் அருகருகே வரைந்து, ஒரே ஓட்டத்தில் ஓட்டிவிடுவது. அப்போது இரண்டுக்கும் நேரப் புள்ளிகள் பொது. ஈசிம்மின் கழித்தல் பெட்டியும் கவலையின்றி வேலை செய்யும். சின்னச் சுற்றுகளுக்கு இதுவே மிகச் சிறந்த உத்தி. ஆயிரக்கணக்கான பாகங்கள் கொண்ட சுற்றுக்குச் சரிப்படாது.

எல்டிஸ்பைஸில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. கோப்பின் அளவைக் குறைப்பதற்காக அது அலைவடிவத் தரவைச் சுருக்கித்தான் சேமிக்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. நுட்பமான ஒப்பீட்டிலும் அதிர்வெண் பகுப்பாய்விலும் அந்தச் சுருக்கமே ஒரு போலி வேறுபாடாக வந்து நிற்கும். அமைப்பில் அதை அணைத்துவிட்டு மீண்டும் ஓட்டுவதுதான் வழி.

என்ஜிஸ்பைஸுக்குள் ஒப்பிடுவதற்கென்றே ஒரு கட்டளை பல ஆண்டுகளாக இருந்து வருகிறது. ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவையும் அது டிரான்1, டிரான்2 என்று தனித்தனிப் பெயரில் நினைவில் வைத்துக்கொள்ளும். இரண்டு பெயர்களைக் கொடுத்து வேறுபாடு கேட்டால், குறிப்பிடத்தக்க வேறுபாடுகளை மட்டும் சொல்லும். எது குறிப்பிடத்தக்கது என்பதற்கு அதனிடம் ஒரு வரம்பு இருக்கிறது. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் ஆயிரத்தில் ஒரு பங்கு. 9 வோல்ட்டில் அது 9 மில்லி வோல்ட். சமன்பாடுகளைத் தீர்க்கும்போது மென்பொருள் தனக்கே அனுமதித்துக்கொள்ளும் பிழையும் அதே ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆகவே ஒப்பீட்டின் வரம்பை மட்டும் பத்தாயிரத்தில் ஒன்றாக இறுக்கினால் சுற்றின் வேறுபாடு அகப்படாது, கணக்கிடும் முறையின் சலசலப்புதான் அகப்படும். தளர்த்துவதற்கும் காரணம் வேண்டும். டைமர் பலகைக்கு 9 வோல்ட்டில் எவ்வளவு குறைந்தால் பாதகம் என்பதைச் சில்லுகளின் தரவுத்தாளைப் பார்த்து மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும். எந்தப் பொத்தானும் அதைச் சொல்லாது.

இப்போது ரெகுலேட்டரின் வெளியீட்டை ஒப்பிடுவோம். 230 வோல்ட்டில் டிரான்ஸ்ஃபார்மர் தரும் 12 வோல்ட்டின் உச்சம் ஏறக்குறைய 17. டயோடுகளில் 1.4 போனால் 15.5 மிஞ்சும். 470 மைக்ரோஃபாரட்டிலும் பள்ளம் 13.4 வோல்ட்டுக்குக் கீழே போவதில்லை. 7809 ஒழுங்காக வேலை செய்ய அதன் உள்ளீடு 11 வோல்ட் அளவில் இருந்தால் போதும். ஆக, இரண்டு கெப்பாசிட்டர்களிலும் வெளியே அதே 9 வோல்ட். ஒப்பீட்டுக் கட்டளை ரெகுலேட்டருக்குப் பின்னால் பேசத்தக்க வேறுபாடு ஒன்றையும் காட்டாது.

இதை நம்பிப் பலகையைச் செய்தால் மாலையில் மாட்டிக்கொள்ளலாம். கிராமத்து மின்பாதையின் கடைக்கோடியில் மோட்டார்கள் எல்லாம் ஓடும் நேரத்தில் லோ வோல்டேஜ் என்பது எல்லாரும் அறிந்த தொல்லை. சிமுலேஷனில் 230-ஐ 185 ஆக்கி இரண்டு சுற்றுகளையும் மறுபடி ஓட்ட வேண்டும். கெப்பாசிட்டரின் உச்சம் இப்போது 12.25 வோல்ட். 1000 மைக்ரோஃபாரட்டில் பள்ளம் 11.25, ரெகுலேட்டர் தப்பிவிடுகிறது. 470-இல் பள்ளம் 10.1, ரெகுலேட்டரால் 9 வோல்ட்டைத் தாங்கிப் பிடிக்க முடியாது. நொடிக்கு 100 முறை வெளியீடு 8.1 வோல்ட் வரை சரியும். அதே பொத்தான், அதே வரம்பு, இம்முறை திரை முழுக்க வேறுபாடு. கேள்வியில் 185 என்ற எண்ணைச் சேர்த்தவர் ஊரின் மின்சாரத்தை அறிந்த ஆள். மோகனூரைத் தெரியாத ஒருவர் ஒப்பிட்டிருந்தால் 230-உடன் நிறுத்தியிருப்பார். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இவ்வகைக் கெப்பாசிட்டர்களில் 20 சதவீதம் வரை கூடுதல் குறைவு சாதாரணம். 1000 என்று அச்சிட்டது உண்மையில் 800 ஆக இருந்தால் பள்ளம் 11.0 வோல்ட், அதாவது விளிம்பின் மேலேயே. நல்ல வடிவமைப்பாளர் 800-ஐயும் ஒரு ஓட்டமாகச் சேர்த்துவிடுவார்.

ஒப்பிடும் இந்தப் பழக்கம் பொத்தான்களைவிட மூத்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் நாகெல், தன் பேராசிரியர் டொனால்ட் பெடர்சனின் வழிகாட்டலில் உருவாக்கிய ஸ்பைஸ் என்ற சிமுலேஷன் மென்பொருள் 1973 ஏப்ரலில் கனடாவின் வாட்டர்லூவில் நடந்த மாநாட்டில் அறிமுகமானது. இன்றைய என்ஜிஸ்பைஸ் அதன் நேர் வாரிசு. அந்நாளில் திரை இல்லை. நீளக் காகிதத்தில் வரி வரியாக அச்சாகும் எழுத்துகளே வரைபடம். ஒவ்வொரு அலைக்கும் ஒரு குறி. இரண்டு அலைகள் ஒரே இடத்தில் விழுந்தால் அங்கே எக்ஸ் என்ற எழுத்து அச்சாகும். அரை நூற்றாண்டுக்கு முன்பு மென்பொருள், அலைகள் ஒன்றுபடும் இடத்தைக் குறித்துக் கொடுத்தது. இன்றைய ஒப்பீட்டு மென்பொருள் அவை பிரியும் இடத்தைச் சிவப்பில் குறிக்கிறது. பல லட்சம் புள்ளிகள் கொண்ட அலைகளில் ஒற்றுமையைத் தேடிப் பயனில்லை. பிரியும் இடம்தான் வேண்டும்.

அந்த மாற்றத்தை முழுமையாகப் பார்க்க எண்முறைச் சில்லுகளின் உலகத்துக்குப் போக வேண்டும். இன்று சீமென்ஸ் வசம் உள்ள மாடல்சிம் மென்பொருளில் அலைவடிவ ஒப்பீட்டுக்கெனத் தனிக் கருவிப்பட்டையே உண்டு. ஒரு பழைய ஓட்டத்தைக் கோப்பாகச் சேமித்து அதை ஒப்பீட்டுக்கான அடிப்படை என்று அறிவிக்க வேண்டும். புதிய ஓட்டம் சோதனைக்கு உட்பட்டது. ஒப்பீடு முடிந்ததும் பொத்தான்கள் உயிர் பெறும். முதல் வேறுபாடு, முந்தையது, அடுத்தது, கடைசி வேறுபாடு என்று நான்கு. குறிப்பு எழுதி வைத்த வேறுபாடுகளுக்கிடையே மட்டும் முன்னும் பின்னும் தாவ இன்னும் இரண்டு. இது தெரிந்தது, ஆபத்தில்லை என்று ஒருவர் எழுதி வைத்தால் அடுத்த நாள் வரும் சக பொறியாளர் அதே இடத்தில் மணிக்கணக்காகத் தலையை உடைத்துக்கொள்ள மாட்டார். பெரிய குழுக்களில் மிகுந்த மதிப்புள்ளவை இந்த இரண்டு பொத்தான்கள்தாம்.

இதே போன்ற வசதிகள் இலவச உலகிலும் ஓரளவு உண்டு. ஜிடிகேவேவ் என்ற அலை காட்டும் மென்பொருளில் முந்தைய விளிம்பு, அடுத்த விளிம்பு என்று தாவும் பொத்தான்கள் இருக்கின்றன. அதே பட்டையில் மறுபடி ஏற்று என்ற பொத்தானும் இருக்கிறது. புதிய முடிவைப் பழைய கோப்பின் பெயரிலேயே எழுதிவிட்டு அதை அழுத்தினால் பழையது போய்விடும். ஒப்பிட ஒன்றும் மிஞ்சாது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வேறு பெயர் கொடுத்துச் சேமிப்பது சலிப்பூட்டும் வேலை. செய்தே ஆக வேண்டிய வேலையும்கூட.

மாடல்சிம்மில் பொத்தானை அழுத்துமுன் ஒரு முடிவெடுக்க வேண்டும். எல்லா நொடியிலும் ஒப்பிடலாம். அல்லது கடிகாரத் துடிப்பின் விளிம்பில் மட்டும் ஒப்பிடலாம். நிரலாக எழுதிய வடிவமைப்பில் தாமதம் இல்லை. அதையே லாஜிக் கேட்டுகளாக மாற்றிய பிறகு ஒவ்வொரு சமிக்ஞையும் ஓரிரு நானோ நொடி தள்ளி வரும். எல்லா நொடியிலும் ஒப்பிட்டால் ஒவ்வொரு விளிம்பும் சிவப்பாகும். ஆயிரம் பொய் எச்சரிக்கைகளுக்கு நடுவே உண்மையான ஒரு பிழை ஒளிந்துகொள்ளும். துடிப்பின் விளிம்பில் மட்டும் ஒப்பிட்டால் அந்த இரைச்சல் அடங்கிவிடும். ஆனால் இரண்டு துடிப்புகளுக்கிடையே எழுந்து மறையும் கள்ளத் துடிப்பு கண்ணில் படாமலே போகும். இரண்டுக்கும் நடுவே, முன்னும் பின்னும் இத்தனை நானோ நொடி வரை பொறுத்துக்கொள் என்று சொல்லவும் வழி இருக்கிறது.

ஒப்பிடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1994-இன் இன்டெல் பென்டியம் சில்லின் கதையே போதும். அமெரிக்காவின் லிஞ்ச்பர்க் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, இரட்டைப் பகா எண்கள் குறித்த நீண்ட கணக்கைப் பல கணினிகளில் ஓட்டிக்கொண்டிருந்தார். புதிய பென்டியம் கணினியின் விடை மற்றவற்றுடன் ஒத்துப்போகவில்லை. மென்பொருள், பலகை, நினைவகம் என்று ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்துக் கடைசியில் குற்றம் சில்லிலேயே என்ற முடிவுக்கு வந்து அக்டோபர் இறுதியில் வெளியே சொன்னார். 41,95,835-ஐ 31,45,727-ஆல் வகுத்தால் 1.33382 வர வேண்டும். அந்தச் சில்லு 1.33374 என்றது. வகுத்தலுக்கான உள் அட்டவணையில் ஐந்து இடங்கள் நிரப்பப்படாமல் போனதே காரணம். ஏறக்குறைய 900 கோடி வகுத்தல்களில் ஒன்றில்தான் பிழை தலைகாட்டும். சில்லுகளை மாற்றிக் கொடுக்க இன்டெல் 47.5 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது. நைஸ்லியிடம் ஒப்பீட்டுப் பொத்தான் எதுவும் இருக்கவில்லை. ஒத்துவராத இரண்டு எண்களை அலட்சியப்படுத்தாத பிடிவாதம் இருந்தது.

இப்படிப்பட்ட பிழைகளை முன்பே பிடிக்கும் ஒப்பீடு நம் ஊரிலும் நடக்கிறது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் வி. காமகோடியின் குழு சக்தி என்ற பெயரில் ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுப்பைப் பின்பற்றும் நுண்செயலிகளை வடிவமைத்தது. 2018-இல் அவற்றில் ஒன்று அமெரிக்காவின் ஆரிகனில் இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் தொழில்நுட்பத்திலும், மற்றொன்று சண்டிகரை அடுத்த மொகாலியில் இந்திய அரசின் குறைகடத்தி ஆலையில் 180 நானோமீட்டரிலும் தயாராகி வந்தன. சில்லு ஆலைக்குப் போனபின் அழித்து எழுத முடியாது என்பதால் அதற்கு முன்பே நடக்கும் சரிபார்ப்புதான் வேலையின் பெரும்பகுதி. ரிஸ்க்-ஃபைவ் உலகில் இதற்கு ஸ்பைக் என்ற மென்பொருள் ஒப்பீட்டு அடிப்படையாக நிற்கிறது. ஒரு நிரலை ஸ்பைக்கிலும், வடிவமைத்த செயலியின் சிமுலேஷனிலும் ஓட்டுவார்கள். ஒவ்வொரு கட்டளையும் முடிந்தபின் எந்தப் பதிவகத்தில் என்ன மதிப்பு என்று இரண்டும் பதிவேடு எழுதும். இரண்டு பதிவேடுகளும் வரிக்கு வரி ஒப்பிடப்படும். நிரல்களைக் கையால் எழுதி மாளாது என்பதால் கண்டபடி கட்டளைகளைக் கோத்துத் தரும் ஒரு கருவியையும் அக்குழு தானே உருவாக்கி வைத்திருக்கிறது.

இங்கே முதல் வேறுபாட்டுக்குத்தான் மதிப்பு. ஒரு பதிவகத்தில் தவறான மதிப்பு விழுந்துவிட்டால் அதை எடுத்துக் கூட்டும் அடுத்த கட்டளை தவறும். அதை நம்பித் தாவும் கட்டளை வேறெங்கோ போய் விழும். அதன் பிறகு வரும் ஆயிரம் வரிகளும் தவறாகவே இருக்கும். அவற்றைப் படித்து ஒன்றும் ஆகப்போவதில்லை. பொறியாளர் முதல் தவறான வரியின் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அலைவடிவ ஜன்னலில் அந்த நொடிக்குப் போய், அங்கிருந்து முந்தைய விளிம்புப் பொத்தானை ஒவ்வொரு துடிப்பாக அழுத்திப் பின்னோக்கி நடக்கத் தொடங்குவார்.